அன்று பிரிண்டர் வேலை செய்யவில்லை

(ஜூலை மாதக் கூட்டத்தில் கிளப் ஹவுஸில் பேசியது. வர இயலாதவர்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.)



நம் அடுக்ககத்தில் 168 வீடுகள். அன்று வந்தவர்கள் 23 பேர். இந்தியா மேட்ச் இருந்த நாள், அதனால் குறை சொல்ல மாட்டேன். வராதவர்களுக்கும் போய்ச் சேர வேண்டிய விஷயம் இதில் இருப்பதால் செயலாளர் எழுதித் தரச் சொன்னார்.

அவர் கொடுத்த தலைப்பு, "பெரிய நிறுவனங்களே இணையத் தாக்குதலைத் தடுக்க முடியாமல் ஏன் திணறுகின்றன?" என்பது. நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். இடமாற்றத்துக்குப் பயந்து பதவி உயர்வுத் தேர்வே எழுதாத கூட்டத்தில் நானும் ஒருவன். பி பிளாக்கில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் தம்பிகள் தொழில்நுட்பத்தை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். ஆனால் திருட்டு வங்கியில் நடந்தது என்றால், கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தவனுக்கு ஒரு பார்வை உண்டு. அதைத்தான் சொல்லப் போகிறேன். கடைசியில் நம் சங்கத்தைப் பற்றி உங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றும் இருக்கிறது.

நான் எடுத்துக்கொண்டது 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் வங்கியில் நடந்த திருட்டு. பெயரைப் பார்த்து ஏதோ ஒரு சாதாரண வங்கி என்று நினைக்க வேண்டாம். நமக்கு ரிசர்வ் வங்கி எப்படியோ, அந்த நாட்டுக்கு அது அப்படி. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஒரு பகுதியை நியூயார்க்கில் உள்ள ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் வைத்திருந்தது. அங்கிருந்து பணத்தை எடுக்க டாக்காவிலிருந்து ஸ்விஃப்ட் வழியாக உத்தரவு போக வேண்டும்.

ஸ்விஃப்ட் என்றால் என்ன என்று கூட்டத்திலேயே ஒரு மாமி கேட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தந்தி மூலம் பணம் அனுப்பும் வழக்கம் இருந்தது. "இன்னாருக்கு இவ்வளவு கொடு" என்று தந்தி வரும். அது நம் கிளையிலிருந்து வந்ததுதானா என்று பார்க்க ஒரு ரகசியக் குறியீடு. அந்தக் குறியீட்டுப் புத்தகம் பூட்டில் இருக்கும். குறியீடு பொருந்தாவிட்டால் அனுப்பியவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் பணம் கிடையாது. 1973-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய ஸ்விஃப்ட், நாடுகளுக்கு இடையே அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்கிறது. சரியான இடத்திலிருந்து, சரியான கடவுச்சொல்லோடு உத்தரவு வந்தால் மறுமுனையில் இருப்பவர் அதை நம்புவார். நம்பித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் உலகத்தில் வங்கித் தொழில் நடக்காது.

டாக்காவுக்குள் திருடர்கள் எப்படி வந்தார்கள்? இதைப் பற்றி அமெரிக்க நீதித்துறை 2018 செப்டம்பரில் வெளியிட்ட குற்றச்சாட்டு ஆவணத்தில் இருக்கிறது. வடகொரியாவைச் சேர்ந்த ஒரு புரோகிராமர் மீது போட்ட வழக்கு அது. 2015 ஜனவரியில், அதாவது திருட்டுக்கு ஓராண்டு முன்பே, வங்கி ஊழியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "உங்கள் நிறுவனத்தில் வேலை செய்ய ஆசைப்படுகிறேன், என் பயோடேட்டாவைப் பாருங்கள்" என்று மரியாதையான கடிதம். யாரோ திறந்து பார்த்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் வேலைக்கு இப்படித்தானே எழுதுகிறார்கள்? அதைத் திறந்தவரை நான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன்.

உள்ளே வந்தவர்கள் உடனே எதையும் எடுக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து, ஸ்விஃப்ட் இருக்கும் கம்ப்யூட்டர் வரை மெல்ல நகர்ந்தார்கள். இதற்கிடையில் 2015 மே மாதம் பிலிப்பைன்ஸில், மணிலாவை ஒட்டிய மகாட்டி நகரில், ஒரு வங்கியின் ஜூபிடர் தெருக் கிளையில் நான்கு கணக்குகள் திறக்கப்பட்டன. ஒவ்வொன்றிலும் 500 டாலர். பிறகு ஒன்பது மாதம் அவற்றில் அசைவே இல்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருடனுக்கு ஓராண்டும் இது ஒன்றுதான் வேலை. அந்த ஓராண்டில் வங்கிக்காரருக்கு எத்தனை வேலை! ஆண்டுக் கணக்கு முடிப்பு, ஆடிட், ஒருவர் விடுப்பு, இன்னொருவர் மாற்றல். அவன் ஒரு கதவைக் கண்டுபிடித்தால் போதும். இவர் எல்லாக் கதவையும் எல்லா நாளும் பார்க்க வேண்டும். விசாரித்த பங்களாதேஷ் போலீஸ் அதிகாரி ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் சொன்னது இன்னொரு சங்கதி: அந்த வங்கியின் நெட்வொர்க்கில் ஃபயர்வால் இல்லையாம், 10 டாலருக்குக் கிடைக்கும் பழைய சுவிட்சுகளை வைத்து ஓட்டியிருக்கிறார்களாம். நாட்டின் கஜானாவுக்குப் பழைய இரும்புக் கடைப் பூட்டு! அந்தச் செலவுக்குக் கையெழுத்துப் போட்டவர், கொஞ்சம் பணம் மிச்சம் பிடித்ததற்காகப் பாராட்டுகூட வாங்கியிருக்கலாம். இது என் ஊகம்தான். அலுவலகத்தில் இருந்தவர்களுக்குப் புரியும்.

பிப்ரவரி 4, வியாழக்கிழமை இரவு. டாக்காவில் எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, நியூயார்க்குக்கு 35 உத்தரவுகள் போயின. மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர்.

அந்த வங்கியில் ஓர் ஏற்பாடு இருந்தது. ஸ்விஃப்டில் போகும், வரும் ஒவ்வொரு செய்தியும் ஒரு பிரிண்டரில் தானாக அச்சாகும். காலையில் வருபவர் தட்டில் இருக்கும் தாள்களை எடுத்துச் சரிபார்ப்பார். நல்ல ஏற்பாடு. வந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. அச்சாகாமல் இருக்கும்படி மென்பொருளை மாற்றி வைத்திருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பொறுப்பதிகாரி வந்து பார்த்தார். தட்டு காலி. பிரிண்டர் ஓடவில்லை. ஏதோ வழக்கமான கோளாறு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை வேறு.

எனக்கு நெஞ்சில் தைத்த இடம் இதுதான். எங்கள் கிளையில் பாஸ்புக் பிரிண்டர் ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் மூச்சு விடாது. பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் ஓடும். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்பது எனக்கும் தஃப்தரிக்கும் மட்டும்தான் தெரியும். "பிரிண்டர் ரிப்பேர், நாளைக்கு வாங்கோ" என்று எத்தனை பென்ஷன்தாரரைத் திருப்பி அனுப்பியிருப்பேன்! அந்த நாட்களில் எவராவது வந்து, "பிரிண்டர் ஓடாததற்குக் காரணம் திருடன்" என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். தினமும் ஏதாவது ஒன்று கெட்டுப்போகிற அலுவலகத்தில், இன்றைக்குக் கெட்டது வேறு மாதிரி என்று எப்படித் தெரியும்? தெரிந்தாலும், ஒரு கிளார்க் எழுந்து "எல்லாவற்றையும் நிறுத்துங்கள், எனக்குச் சந்தேகமாக இருக்கிறது" என்று சொல்ல முடியுமா? சந்தேகம் பொய்யாகிப் போனால் அவன் கதி?

சனிக்கிழமை ஒருவழியாக அச்சாகத் தொடங்கியபோது, நியூயார்க்கிலிருந்து விளக்கம் கேட்டு வந்திருந்த செய்திகள் வெளியே வந்தன. டாக்கா திரும்ப அழைத்தபோது நியூயார்க்கில் வார விடுமுறை. திங்கட்கிழமை மணிலாவுக்குத் தகவல் போனபோது அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை. மூன்று நாட்டுக் காலண்டரையும் பக்கத்தில் வைத்துத்தான் நாள் குறித்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை அந்தக் கிளையிலிருந்து பணம் எடுக்கப்பட்டது. பிறகு சூதாட்ட விடுதிகளுக்குள் போய்க் கரைந்தது. கறுப்புப் பணத்தைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டத்தில் அப்போது சூதாட்ட விடுதிகள் சேரவில்லை. 2017-இல்தான் சேர்த்தார்கள்.

35 உத்தரவில் 5 மட்டுமே நிறைவேறின. மீதி 85 கோடி டாலர் தப்பியது எப்படி? மணிலாக் கிளையின் முகவரியில் இருந்த "ஜூபிடர்" என்ற சொல், அமெரிக்காவின் தடைப் பட்டியலில் இருந்த வேறொரு பெயரோடு ஒத்துப்போனது. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் மற்ற உத்தரவுகளை நிறுத்தி மறுபடி பார்த்தார்கள். நிறைவேறிய ஐந்தில் ஒன்று இலங்கையில் ஓர் அறக்கட்டளைக்கு 2 கோடி டாலர். "ஃபவுண்டேஷன்" என்பதை "ஃபண்டேஷன்" என்று பிழையாக எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த டாய்ஷ் வங்கியில் யாரோ ஒருவர் அதைப் பார்த்து விளக்கம் கேட்டார். அந்தப் பணம் திரும்பியது. மணிலாவுக்குப் போனது 8 கோடியே 10 லட்சம் டாலர். அந்த ஆண்டு முடிவதற்குள் அதிலிருந்து திரும்ப வந்தது ஏறக்குறைய ஒன்றரைக் கோடி.

ஒரு தெருப் பெயரும் ஓர் எழுத்துப் பிழையும் ஒரு நாட்டின் 87 கோடி டாலரைக் காப்பாற்றின. வாங்கி வைத்த கருவி எதுவும் காப்பாற்றவில்லை.

அதன் பிறகு நடந்ததும் முக்கியம். வங்கியின் கவர்னர் இதை ஒரு மாதம் வெளியே சொல்லவில்லை. பணத்தை மீட்டுவிட்டுச் சொல்லலாம் என்ற எண்ணமாக இருக்கலாம். நாட்டின் நிதி அமைச்சரே பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். மார்ச் 15 அன்று கவர்னர் ராஜினாமா செய்தார்.

இரண்டு ஆண்டு கழித்து, 2018 பிப்ரவரியில், நம் கும்பகோணத்தில் தலைமையகம் உள்ள சிட்டி யூனியன் வங்கியில் இதே பாணியில் நடந்தது. மூன்று உத்தரவுகள், மூன்றும் வெவ்வேறு நாடுகளுக்கு, மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர். அங்கேயும் ஸ்விஃப்டோடு இணைந்த பிரிண்டரைத்தான் முதலில் முடக்கியிருந்தார்கள். ஆனால் மறுநாள் காலையிலேயே கணக்கைச் சரிபார்த்தவர்கள் கண்டுபிடித்து, ஒரு உத்தரவை உடனே தடுத்துவிட்டார்கள். அந்த மாதமே வங்கி தானாக முன்வந்து பொதுவில் அறிவித்தது. தினமும் காலையில் டாலி பார்ப்பது சலிப்பான வேலை. நான் அந்த வேலையைச் செய்தவன், சலிப்பு எவ்வளவு என்று தெரியும். தாக்குதலைத் தடுக்க முடியாவிட்டாலும், அந்தச் சலிப்பான வேலைதான் மறுநாளே பிடித்துக் கொடுத்தது.

ஓட்டையை அடைக்கும் மருந்து கையில் இருந்தும் போடாமல் விட்ட கதையும் உண்டு. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ் பிரிட்டன் அரசு மருத்துவமனைகளைத் தாக்கியது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில், மைக்ரோசாஃப்ட் அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருந்தது. பல இடங்களில் போடவில்லை. சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நோயாளிகள் வரிசையில் நிற்கும்போது எந்த மெஷினை நிறுத்தி அப்டேட் செய்வது? நம் லிஃப்ட் சர்வீஸையே நான்கு முறை தள்ளிப் போட்டவர்கள் நாம்.

இனி நம் கதை.

போன நவம்பரில் பேரன் பிறந்திருந்ததால் ஆறு வாரம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். நம் சங்கக் கணக்கில் பொருளாளர் பணம் அனுப்பும் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும், இணைச் செயலாளரான நான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் என்பது போல. நான் என்ன செய்தேன் தெரியுமா? என் யூசர் ஐடி, பாஸ்வேர்டு இரண்டையும் பொருளாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். ஓடிபி என் போனுக்கு வரும். அவர் கூப்பிடுவார், நான் வாசித்துச் சொல்வேன். எந்தத் தொகை, யாருக்கு என்று கேட்காமல், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறேன். ஒரு மணி நேரம் சாவியை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் போனதற்காக மெமோ வாங்கிய ஹெட் கேஷியரை நேரில் பார்த்தவன் நான்.

அந்தச் சமயத்தில் லிஃப்ட் கம்பெனியிடமிருந்து ஒரு மெயில். நாம் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, அதே தொடரில், அதே கையெழுத்துப் பகுதியோடு வந்தது. ஆடிட் காரணமாகப் பழைய வங்கிக் கணக்கு நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, ஆண்டுப் பராமரிப்புத் தொகையைப் புதிய கணக்கில் செலுத்தவும் என்று. பில் எண் சரி. தொகையும் சரி, 3,72,000 ரூபாய். யாரோ அவர்களுடைய மெயில் பெட்டிக்குள் உட்கார்ந்து, நாம் எப்போது பணம் கட்டுவோம் என்று படித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பொருளாளர் புதுக் கணக்கைச் சேர்த்தார். இப்போது ரிசர்வ் வங்கி உத்தரவால், பணம் அனுப்பும் முன் கணக்குக்காரர் பெயரைத் திரையில் பார்க்கும் வசதி இருக்கிறது. கம்பெனி பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு தனி மனிதர் பெயர் வந்தது. கம்பெனி முதலாளியாக இருக்கும் என்று அவர் நினைத்துக்கொண்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நெஃப்டில் பணம் போவது கணக்கு எண்ணை வைத்துத்தான், பெயரை வைத்து அல்ல என்பது எனக்குத் தெரியும். தெரிந்த நான் பெங்களூரில் இருந்தேன்.

எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் பெண்தான் கேட்டாள். "சார், இது யாரோ ஒருத்தர் பேரா இருக்கே? போன வருஷம் கம்பெனி பேர்லதானே அனுப்பினோம்?"

"கணக்கு மாறிடுச்சுன்னு மெயில்லயே போட்டிருக்காங்கம்மா. நாளைக்கு அனுப்பிடலாம்."

புதுக் கணக்கைச் சேர்த்ததும் வங்கி சில மணி நேரம் காக்க வைத்ததால் ஓர் இரவு கிடைத்தது. அந்தப் பெண் இரவு எட்டரைக்கு எனக்கு போன் செய்தாள். "தப்பா நினைச்சுக்காதீங்க சார்" என்று ஆரம்பித்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. "பொருளாளர் பார்த்துட்டாரில்லம்மா?" என்று வைத்துவிட்டேன். ஆனால் தூக்கம் வரவில்லை. காலையில் என் பழைய டயரியில் இருந்த எண்ணில் லிஃப்ட் கம்பெனி சர்வீஸ் மேனேஜரைக் கூப்பிட்டேன். "நாங்க கணக்கு எதையும் மாத்தலையே சார்" என்றார். பொருளாளர் ஓடிபிக்காக அழைத்தபோது இதைத்தான் சொன்னேன்.

பணம் போகவில்லை. அதனால் கமிட்டியில் என்ன முடிவு செய்தோம் தெரியுமா? வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டாம், வீண் பேச்சு வரும், பொருளாளர் மனம் நோகும் என்று. நானும் தலையாட்டினேன். லிஃப்ட் கம்பெனியும் தன் மற்ற வாடிக்கையாளர்களுக்கு எழுதவில்லை. எழுதினீர்களா என்று நாமும் கேட்கவில்லை. பிறகு என்னோடு காலையில் நடக்க வரும் ஒரு நண்பர் சொல்லித்தான் தெரிந்தது: அதே கம்பெனியிடம் ஒப்பந்தம் வைத்திருக்கும், இரண்டு தெரு தள்ளியுள்ள அடுக்ககம் டிசம்பரில் அதே மாதிரி மெயிலை நம்பி 2,10,000 ரூபாய் அனுப்பிவிட்டது. சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அவர்கள் அழைத்தது நான்கு நாள் கழித்து. உடனே அழைத்தால் பணம் இன்னும் ஏதாவது ஒரு கணக்கில் இருக்கும்போதே முடக்க வாய்ப்பு உண்டு. நான்காவது நாளில் என்ன இருக்கும்? அங்கே பெரும்பாலும் ஓய்வூதியக்காரர்கள். நாங்கள் நவம்பரில் ஒரு வரி போட்டிருந்தால் இந்த ஏரியாவில் எல்லோருக்கும் ஒரு வாரத்தில் பரவியிருக்கும்.

டாக்கா கவர்னர் மறைத்ததைச் சொன்னபோது கூட்டத்தில் சிலர் உச்சுக் கொட்டினீர்கள். நான் எட்டு மாதம் மறைத்தேன். இதை எழுதலாமா என்று பொருளாளரிடம் கேட்டேன். "தாராளமா எழுதுங்க சார், என் தப்பையும் சேர்த்து எழுதுங்க" என்றார். எனக்கு அவ்வளவு மனம் வந்திருக்குமா என்று தெரியவில்லை.

என் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். சங்கத்தின் மெயில் பாஸ்வேர்டு நான்கு முன்னாள் செயலாளர்களுக்குத் தெரிந்திருந்தது, அதையும் மாற்றியாகிவிட்டது. சிசிடிவி பெட்டியில் கம்பெனியில் போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டே இத்தனை ஆண்டு இருந்ததைச் சென்ற வாரம் பி பிளாக் தம்பி ஒருவர் கண்டுபிடித்து மாற்றினார்.

மீதிக்குப் பொதுக்குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தருபவர் ஊரில் இல்லாவிட்டால் மூன்றாவது ஒருவருக்கு வங்கியில் முறைப்படி அதிகாரம் வாங்குவது. யார் கணக்கு எண் மாறியதாகச் சொன்னாலும், மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நம் பழைய ஃபைலில் உள்ள எண்ணில் கூப்பிட்டுக் கேட்பது. எஸ்டேட் ஆபீஸில் இருப்பவர் எவரும், காரணம் சொல்ல முடியாவிட்டாலும், ஒரு பணப் பட்டுவாடாவை ஒரு நாள் நிறுத்தி வைக்கலாம், சந்தேகம் தவறாகிப் போனாலும் அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்பது. இப்படி ஏதாவது நடந்தால் அன்றே நோட்டீஸ் போர்டிலும் குரூப்பிலும் போடுவது.

மூன்றாவதாகச் சொன்னதற்குத்தான் கமிட்டியில் எதிர்ப்பு இருக்கிறது. "பிளம்பருக்குக் கொடுக்க வேண்டியதையும் நிறுத்திவிட்டால்?" என்கிறார்கள். பிளம்பர் ஒரு நாள் பொறுப்பார் என்பது என் கட்சி. நீங்களே வந்து சொல்லுங்கள்.

ஆகஸ்ட் மூன்றாவது ஞாயிறு, காலை 10.30, கிளப் ஹவுஸ். கோரத்துக்கு 56 வீட்டார் வேண்டும். அன்று மேட்ச் இல்லை, பார்த்துவிட்டேன்.